காணாமல் போன 6 மில்லிமீட்டர்

சங்ககிரிப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய ஜீப் ஒன்று நின்றிருந்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினையும் அதோடு வந்த கியர் பாக்ஸையும் ஏற்றியிருந்தார்கள். எஞ்சின் ஜம்மென்று ஓடுகிறது, ஆனால் கிளட்சை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது.

"கிளட்ச் லைன்ல மூணு தடவ ஏர் எடுத்துட்டனுங்கண்ணா" என்றான் பையன். மேஸ்திரி பதில் சொல்லாமல் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும், ஆயில் குழாய் வழியாகப் போய்க் கீழே ஸ்லேவ் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும், அது ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பிரஷர் பிளேட் பிடியை விடும். ஆயில் அமுங்காது, இங்கே எவ்வளவு தள்ளினோமோ அவ்வளவும் அங்கே போய்ச் சேரும். ஆனால் சேருவது அளவுதான், தூரம் இல்லை. சின்ன சிரிஞ்சையும் பெரிய சிரிஞ்சையும் டியூபால் இணைத்து, தண்ணீர் நிரப்பிச் சின்னதை அழுத்திப் பாருங்கள், பெரியது கொஞ்சம்தான் நகரும். நடுவில் காற்றுக் குமிழ் இருந்தால் முதலில் அதுதான் நசுங்கும், அழுத்தியதில் பாதி அதிலேயே போய்விடும்.

அதனால் ஏர் மேல் சந்தேகப்பட்டது தப்பில்லை. மிதியை நாலைந்து தடவை வேகமாக அடித்ததும் கியர் சுலபமாக விழுந்தால் பெரும்பாலும் ஏர்தான். ஸ்லேவை மாட்டும்போது, காற்றை வெளியே விடும் நிப்பிள் கீழ்ப்பக்கம் போய்விட்டால் எத்தனை தடவை எடுத்தாலும் மேலே நிற்கும் காற்று வராது. இந்த ஜீப்பில் நிப்பிள் மேலேதான் இருந்தது, அடித்துப் பார்த்தும் மாற்றமில்லை.

பையன் மிதிக்க, மேஸ்திரி ஸ்லேவ் ராடு நகர்வதை அளந்தார். 15 மில்லிமீட்டர்.

அப்புறம் கணக்கு. பட்டறையில் அங்குலத்துக்கு 8 நூல். மாஸ்டர் 5 நூல், பழைய ஸ்லேவ் 6 நூல். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக 25க்கு 36. மாஸ்டர் 30 மில்லிமீட்டர் போனால் ஸ்லேவ் கிட்டத்தட்ட 21 போகும். புது கியர் பாக்ஸோடு வந்த ஸ்லேவோ 7 நூல், அதாவது 49. அதே 30க்கு 15தான் கிடைக்கும். ஆயில் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது!

மாஸ்டரை 6 நூலுக்கு மாற்றினார்கள், 22 கிடைத்தது. இதற்கு விலை உண்டு, மிதி முன்பைவிட 1.44 மடங்கு கனக்கும். திம்பம் மலையில் 27 வளைவு ஏறி முடிப்பதற்குள் இடது கால் அதைச் சொல்லிவிடும். ஸ்லேவ் பிஸ்டன் எல்லை தாண்டிப் போகாமல் மிதிக்குக் கீழே ஒரு ஸ்டாப்பரும் வைக்க வேண்டும்.

ராடு முழுசாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால், சரி, கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கலாம், கியர் பாக்ஸ் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், பிளைவீல் உயரம் ஒத்துப்போகாமல் ஃபோர்க் கோணம் கெட்டிருக்கலாம்.

மாஸ்டரை மாற்றியதும் மேஸ்திரி மிதியை விரலால் ஆட்டிப் பார்த்து, புஷ் ராடில் துளி இடைவெளி விட்டார். அது இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை அடைபட்டே கிடக்கும், எஞ்சின் சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இருக்காது, அது ஸ்லேவைத் தானே தள்ளி, காலை வைக்காமலே கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும்.