விறகு கேட்காத அரிசி ஆலை

கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களின் தண்ணீர் கல்லோயாப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. இங்கினியாகலையில் அணைகட்டி மறித்ததால் உருவான சேனநாயக்க சமுத்திரத்தைச் சுற்றி இன்னும் காடு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைப் புழுங்கல் அரிசிக்காக அவிக்க அதே காட்டின் விறகை எரிப்பது பெரும் அநியாயம். தேவையும் இல்லை, உமியே போதும்.

1,000 கிலோ நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி வரும். கிலோவுக்குச் சுமார் 13 மெகாயூல் வெப்பம் என்றால் மொத்தம் 2,600. ஊறவைக்கும் 1,200 லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 70 பாகைக்கு ஏற்ற 200 மெகாயூல்தான் வேண்டும். பாதி வெப்பம் புகைபோக்கியால் போனாலும் ஆவி எடுக்கவும் மிஞ்சும்.

ஆனால் உமியை விறகடுப்பில் கொட்டினால் புகையத்தான் செய்யும். அது நெருங்கிப் படிந்து காற்றை அடைத்துவிடும். அதனால்தான் சாய்வான படித்தட்டு: உமி மேலிருந்து சரிந்து வர, படிகளின் இடைவெளியால் காற்று நுழையும். சாம்பல் கறுப்பாக வந்தால் கரி எரியாமல் மிஞ்சுகிறது. காற்றைக் கூட்ட வேண்டும். 200 கிலோவுக்கு 40 கிலோ அளவில் சேரும் இந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. அள்ளுபவர் மூக்கையும் வாயையும் மூடாமல் அள்ளக்கூடாது.

சுடுதண்ணீரில் நாலைந்து மணித்தியாலம் ஊறினால் நெல்லின் ஈரம் 30 சதவீதத்தை எட்டும். பச்சைத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் செல்லும். அதற்குள் புளித்து, சோறு வரை அந்த வாடை வரும். பின் ஆவியில், நெல் வாய் பிளக்கத் தொடங்கும்வரை அவிக்க வேண்டும். மாச்சத்து பசையாகி அரிசியின் பழைய வெடிப்புகளை ஒட்டிவிடும். தவிட்டிலுள்ள பி விற்றமின்களில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். மணியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அவியல் போதவில்லை.

இவ்வளவையும் கெடுப்பது நெல்லைக் காயவைக்கும் விதம்தான். ஈரம் 18 சதவீதத்துக்கு இறங்கும்வரை வேகமாகக் காயலாம். அதற்குப் பிறகு நெல்லைக் குவித்து நாலு மணித்தியாலமாவது ஆறவிடாமல் மீண்டும் உச்சி வெயிலில் பரப்பினால், மேற்பரப்பு சுருங்க உள்ளே ஈரம் நின்று மணி வெடிக்கும். சீமெந்துத் தளத்தில் நெல் நன்றாகவே தெரியும்; தீட்டும்போதுதான் குறுணலாகக் கொட்டும். ஆறிய பின் 14 சதவீதத்துக்கு மெல்லக் கொண்டுவர வேண்டும். பெரும்போக அறுவடைக்குப் பின்னான பங்குனி வெயிலில், காலை இளவெயிலே இந்த இரண்டாம் காய்ச்சலுக்குத் தோதானது.