பிளாஸ்மான் ஒத்ததிர்வு: சொல் விளக்கம்

13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் மிதக்கும் நீர் மஞ்சளாக இருக்காது. மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். துகளுக்குள் இருக்கும் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்துக்கு ஏற்ப மொத்தமாக முன்னும் பின்னும் ஆடுகின்றன. அந்தக் கூட்டு ஆட்டத்தின் பெயர்தான் பிளாஸ்மான். ஆட்டத்தின் இயல்பு அதிர்வெண்ணும் ஒளியின் அதிர்வெண்ணும் பொருந்துவது ஒத்ததிர்வு. இந்தத் துகளுக்கு அது ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளத்தில் நிகழ்கிறது. பச்சை ஒளி விழுங்கப்பட, சிவப்பு மிஞ்சுகிறது.

கிரேக்கத்தில் 'பிளாஸ்மா' என்றால் வார்த்து உருவாக்கியது. இரத்தத்தின் நீர்மப் பகுதிக்கு ஏற்கெனவே வழங்கிய அந்தப் பெயரை 1928இல் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர் அயனியான வாயுவுக்கு வைத்தார். உலோகத்தின் எலக்ட்ரான்களும் அப்படியே கூட்டாக அலைகின்றன என்று இயற்பியலாளர்கள் டேவிட் போமும் டேவிட் பைன்ஸும் விளக்கினர். 1956இல் பைன்ஸ், எலக்ட்ரான், புரோட்டான் போன்ற சொற்களின் 'ஆன்' ஈற்றைச் சேர்த்து அந்த அலைவின் குவாண்டத்துக்கு, அதாவது அதன் ஆற்றலின் மிகச் சிறிய அலகுக்கு, பிளாஸ்மான் என்று பெயரிட்டார். இரத்த பிளாஸ்மாவில் நோய்க்குறிப்பானைத் தேட இன்று பிளாஸ்மானே உதவுகிறது என்பது வேடிக்கைதான்.

'பிளாஸ்மான் ரெசொனன்ஸ்' என்ற பெயரின் பின்பாதிக்குத் தமிழில் தட்டுப்பாடு இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒத்ததிர்வு, இலங்கையில் பரிவு. பரிவு அழகான சொல். ஒன்று அதிர மற்றொன்று இரங்குகிறது. முன்பாதியை மின்மத் துகள் என்று பெயர்த்தால் தங்கத் துகளோடு குழம்பும். விளக்கத்தில் 'எலக்ட்ரான் கூட்டலைவு' என்று எழுதலாம். பெயராகப் பிளாஸ்மானே இருக்கட்டும்.

பிளாஸ்மானைக் கொண்டு நோய்க்குறிப்பானைக் கண்டறியும் உணரி செய்பவர்கள் பிரித்தறிய வேண்டிய இரண்டு உண்டு. துகளின் மேல் புரதம் ஒட்டினால் அங்கே ஒளிவிலகல் எண் உயர்ந்து, ஒளி விழுங்கலின் உச்சம் சில நானோமீட்டர் மட்டும் நீள அலைப் பக்கம் நகரும். இது ஒத்ததிர்வு நகர்வு. துகள்களே ஒன்றோடொன்று நெருங்கினால் நகர்வு பெரிது, சிவப்பு நீலமாகிவிடும். இது திரள்தல். நோய்க்குறிப்பான் இல்லாமலேயே வெறும் உப்பும் இதைச் செய்யும். துகள்களின் மேல் படிந்து அவற்றை விலக்கி நிறுத்தும் சிட்ரேட் அயனிகளின் எதிர்மின்னூட்டத்தை அது மறைத்துவிடுகிறது.

அதனால் முதலில் உப்புச் சோதனை. 1 மில்லிலிட்டர் தங்கக் கரைசலில் நோய்க்குறிப்பானைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைத் துகள்களுக்குப் பூச்சாகக் கலந்து, 10 நிமிடம் கழித்து 10 சதவீத உப்புக் கரைசலை 100 மைக்ரோலிட்டர் விட வேண்டும். சிவப்பு மாறாவிட்டால் பூச்சு போதும். ஊதாவுக்குத் திரும்பினால் ஆன்டிபாடி குறைவு, அல்லது பிஹெச் (அமில-கார அளவு) சரியில்லை. பூச்சு நின்ற பிறகும் மீதி இடத்தை மாட்டு சீரம் ஆல்புமின் என்ற புரதத்தால் அடைக்காவிட்டால், சோதிக்கும் இரத்தச் சீரத்தின் வேறு புரதங்கள் அங்கே ஒட்டிப் பொய் நகர்வு காட்டும்.