கடல் கூண்டு மானியம்: சங்கிலியைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்

மண்டபம் வடகடல் (பாக் விரிகுடா) கரையில் ஓர் ஐப்பசிக் காலையில் ஒதுங்கிக் கிடந்த மீன் கூண்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆறு மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய் வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வலை பாதி மணலுக்குள். உள்ளே வளர்ந்த கடல் விரால்கள் வாடைக் காற்றின் ஒரே இரவில் போய்விட்டன. ஐந்து பெண்கள் நகையை அடகு வைத்துப் போட்ட முதலீடு அது. அவர்களில் ஒருவர் சங்கிலியின் நுனியில் தொங்கிய ஷேக்கிளை (சங்கிலியை இணைக்கும், குறுக்கே ஆணி உள்ள இரும்பு வளைவு) கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ஆணி நடுவில் பென்சில் கனத்துக்குத் தேய்ந்து முறிந்திருந்தது.

அலுவலகத்தில் அவர்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "நங்கூரம் சரியாகப் போட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே?" கடலுக்கு அடியில் கிடக்கும் பொருளுக்கு ஒருநாள் ஆதாரம் கேட்பார்கள் என்று கூண்டை இறக்கிய அன்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் (மத்ஸ்ய சம்பதா யோஜனா) 2020-21-ல் தொடங்கியது. 2025-26 வரை நீட்டித்தார்கள். 100 முதல் 120 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு கடல் கூண்டுக்கு அலகு மதிப்பு, அதாவது மானியக் கணக்குக்காகத் திட்டம் நிர்ணயித்த செலவு, 5 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு மானியம் 40 சதவீதம், அதாவது 2 லட்சம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவீதம், அதாவது 3 லட்சம். நீங்கள் போகும்போது நடப்பு நிதியாண்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும். ஒதுக்கீடு இல்லாத ஆண்டில் வாங்கி வைத்துக்கொள்ளப்பட்ட மனு அலமாரியிலேயே கிடக்கும்.

சதவீதம் அலகு மதிப்பின் மீதுதான். நல்ல சங்கிலி, நல்ல வலை என்று ஆறரை லட்சம் செலவழித்தாலும் மானியம் அதே 2 லட்சம் அல்லது 3 லட்சம்தான். இதைச் சாக்கிட்டுத்தான் சில விற்பனையாளர்கள் "ஐந்து லட்சத்துக்குள் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வளையத்தைப் பளபளப்பாகச் செய்துவிட்டு, தெரியாத சங்கிலியில் காசை மிச்சம் பிடிப்பார்கள்.

மானியம் பெரும்பாலும் வேலை முடிந்து, ஆய்வு முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை வட்டி உங்கள் தலையில். பணி ஆணை கையில் வருவதற்கு முன் ஒரு கயிறுகூட வாங்காதீர்கள். ஆணைக்கு முந்தைய தேதியிட்ட ஒரே ஒரு பில்லுக்காகக் கோப்பு முழுவதும் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் பெயரில் விண்ணப்பித்தால் பில், வங்கிக் கணக்கு, பணம் செலுத்திய ரசீது எல்லாமே அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். கணவர் தன் கணக்கிலிருந்து கடைக்குப் பணம் அனுப்பினார் என்ற காரணத்துக்காக ஒரு பெண்ணை நான்கு மாதம் அலைய வைத்தார்கள்.

அடுத்தது இடம். நிலத்துக்குப் பட்டா இருக்கும், கடலுக்கு ஏது பட்டா? ஆனாலும் "இடத்துக்கான ஆவணம்" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தை நிரப்ப வருவாய்த் துறைக்கும், அங்கிருந்து வேறொரு துறைக்கும் அனுப்புவார்கள். எழுத்தில் கேட்காத எதற்கும் அலையாதீர்கள். "எந்தத் துறையின் எந்தத் தடையின்மைச் சான்று வேண்டும் என்று எழுத்தில் தாருங்கள்" என்று ஒரு மனு கொடுத்து, நகலில் தபால் பிரிவின் முத்திரை வாங்குங்கள். பாதி அலைச்சல் அந்த முத்திரையோடு நின்றுவிடும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கூண்டு வளர்ப்பு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே ஆணையப் பதிவைப் பற்றியும் அதே மனுவில் கேளுங்கள். தென்கடலில் 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லைக்குள் இடம் கேட்டுப் போகவே வேண்டாம். இடத்தின் ஜிபிஎஸ் எண்களையும், வள்ளம் போகும் வழி மறிக்கப்படவில்லை என்ற ஊர்க் கமிட்டிக் கடிதத்தையும் மனுவோடு இணையுங்கள். நாளை ஒரு விசைப்படகு வலையை அறுத்துக்கொண்டு போனால் அந்தக் கடிதம்தான் பேசும்.

இனி, கூண்டின் உறுதி. நார்வேயில் இதற்கென்று என்எஸ் 9415 என்ற தரநிலை 2003-லேயே வந்துவிட்டது. போடும் இடத்தின் அலை, நீரோட்டம், காற்று மூன்றையும் அளந்து, அதற்கேற்ப நங்கூரத்தைக் கணக்கிட வேண்டும். நம் அலகு மதிப்பு அட்டவணையோ கொள்ளளவையும் தொகையையும் சொல்வதோடு நின்றுவிடுகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டப மையத்தில் பல ஆண்டு அனுபவமுள்ள விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். விற்பனையாளரிடம் போவதற்கு முன் அவர்களிடம் போய் இடத்தையும் வடிவமைப்பையும் காட்டுங்கள்.

ஒப்பந்தத்தில் சங்கிலியின் கனம், நீளம், ஷேக்கிளின் அளவு, கல் நிரப்பிய கம்பிவலைப் பெட்டியின் எடை எல்லாம் எண்ணில் இருக்க வேண்டும். "தரமான நங்கூரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கிலி ஒரு உலோகமும் ஷேக்கிள் வேறு உலோகமுமாக இருந்தால் உப்புநீரில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். ஷேக்கிள் ஆணி அலையில் சுழன்று கழன்றுவிடாதபடி அதைக் கம்பியால் கட்டியிருக்கிறார்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் பற்ற வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். அங்கே மேல்பூச்சு இல்லையென்றால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். சங்கிலிக்கும் கூண்டுக்கும் இடையில் அலையின் இழுப்பைத் தாங்க மிதவை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வடகடல் ஆழம் குறைந்தது. நீர் வற்றும் நேரத்தில் ஆழத்தை அளந்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு மீட்டர் வலையின் அடி தரையில் உரசினால் ஒரு பருவம்கூடத் தாங்காது. வலைக்கண்ணில் பாசியும் கொட்டலசும் ஏறினால் நீவாடு (நீரோட்டம்) உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் மொத்த வலையையும் ஒரு சுவர் போலத் தள்ளும். அந்தச் சுமை முழுவதும் ஷேக்கிள் ஆணியில்தான் போய் நிற்கும். வலை மாற்றச் சோம்பலே பட வேண்டாம்.

காப்பீட்டுக்கு வருகிறேன். மத்ஸ்ய கிசான் சம்ருத்தி துணைத் திட்டத்தில் கூண்டு வளர்ப்புக்கான காப்பீட்டு பிரீமியத்தில் 40 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய்; வளர்ப்பு அலகின் கொள்ளளவு 1,800 கன மீட்டர் வரை. இது ஒரே ஒரு வளர்ப்புப் பருவத்துக்கு மட்டும். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் "கூடுதலாக 10 சதவீதம்" என்பதைக் கேட்டு 50 சதவீதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊக்கத்தொகையில்தான் அந்தப் பத்து; கணக்குப் போட்டால் 44 வரும். தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பதிவு செய்யாமல் எதுவும் நகராது.

பாலிசியில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மீனுக்கு மட்டும்தான் காப்பீடா, வளையம், வலை, நங்கூரம் ஆகியவற்றுக்கும் சேர்த்தா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் வாயால் "எல்லாம் உண்டு" என்று சொன்னதை எந்த அதிகாரியும் கோப்பில் சேர்க்க மாட்டார்.

புயல் நிவாரணம் வரும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரிடர் நிவாரண விதிகளில் படகும் வலையும் தனியாக உண்டு. மீன் குஞ்சுப் பண்ணைக்கு ஹெக்டேர் கணக்கு. ஒரு கூண்டின் பரப்பு 28 சதுர மீட்டர். அதை ஹெக்டேரில் வகுத்துப் பாருங்கள். அந்த ஐந்து பெண்களிடமும் கணக்கெடுக்க வந்தவர் "எத்தனை ஏக்கர்?" என்றுதான் கேட்டார்.

ஆகவே ஆதாரத்தைக் கரையிலேயே எடுத்து வையுங்கள். கற்பெட்டியை இறக்கும் முன் எடை ரசீதோடு படம், சங்கிலிக் கண்ணியின் மேல் அளவுகோலை வைத்து ஒரு படம், ஷேக்கிள் ஆணி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்தில் தேதியும் இடமும் பதிவாகும்படி போன் அமைப்பை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். குஞ்சு வாங்கிய பில், இட்ட எண்ணிக்கை, வலை மாற்றிய நாள் ஆகியவை ஒரு நோட்டில் ஏறட்டும். மாதத்துக்கு ஒரு முறை மீன்துறை ஆய்வாளரிடம் அதில் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் மறுத்த நாளையும் எழுதுங்கள்.

வடகடலில் கூண்டு வைத்திருப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள், தென்கடலில் வைத்திருப்பவர்கள் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) எழுவதற்குள், முக்குளிக்கத் தெரிந்த ஒருவரைக் கீழே அனுப்புங்கள். தரையில் உரசும் கண்ணிகளையும் எல்லா ஷேக்கிள் ஆணிகளையும் அவர் தடவிப் பார்க்கட்டும். தேய்ந்திருந்தால் அன்றே மாற்றிவிட்டு, பழைய ஆணியைப் பில்லோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அந்தப் பெண்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். முறிந்த அந்த முதல் ஆணியும் அதே டப்பாவில்தான் இருக்கிறது.