முன் டயரும் மார்க்கெஸின் வலக்கையும்

ஐரோப்பியப் பந்தய ஞாயிறு, இரவு 8 மணிக்கு சுங்கை சிப்புட் கோப்பிக் கடைகளில் மோட்டோஜிபி என்னும் உலக மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ் விழப் போய் எழுந்து ஓட்டுவதைப் பார்ப்பவர்கள் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகக் குறைவு.

வேகம் கூடக் கூட வளைவில் வண்டி அதிகம் சாய வேண்டும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 23 பாகை போதும், 60 கி.மீ. என்றால் 43 பாகை. மோட்டோஜிபி வண்டி 60 பாகையையும் தாண்டும். திரும்பவும் நிறுத்தவும் டயருக்கு இருப்பது ஒரே பிடிமானம். ஆகவே வண்டி நிமிர்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, சாயச் சாய விரலைத் தளர்த்த வேண்டும். தளர்த்தப் பிந்தினால் டயர் வழுக்கி, ஹேண்டில் உட்பக்கம் மடியும்.

அந்தக் கணத்தில் மார்க்கெஸ் முழங்காலையும் முழங்கையையும் தரையில் ஊன்றுகிறார். வண்டி மேலும் சாயாமல் நிற்கிறது, வேகம் குறைகிறது, டயர் திரும்பப் பிடிக்கிறது. தோல் உடையிலுள்ள தேய்மானக் கட்டைகள் இல்லாமல் இதைச் செய்தால் முட்டிதான் போகும்.

2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத்தில் அவரது வலது மேற்கை எலும்பு முறிந்தது. அறுவை செய்து உலோகத் தகடு பொருத்தினார்கள். எலும்பு கூடும்வரை பாரம் முழுவதும் தகட்டின் மேல்தான்; திரும்பத் திரும்ப வளைந்தால் உலோகம் களைத்துவிடும். சில நாளிலேயே வண்டியேறியது பெரிய தவறு. ஆகஸ்டில் தகடு உடைந்தது. டிசம்பரில் இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து ஒட்டினார்கள். எலும்பு கூடியது, ஆனால் சுமார் 30 பாகை முறுக்கிக்கொண்டு. முன் பிரேக்கும் எக்சலேட்டரும் வலக்கையில் இருப்பதால், வலப்பக்க வளைவுகளில் அவர் திணறினார். 2021-இல் அவர் முதலில் வென்றது ஜெர்மனியின் ஸாக்ஸன்ரிங் தடத்தில்: அங்கே 10 இடது வளைவுகள், வலது 3 மட்டுமே! 2022 ஜூனில் நான்காவது அறுவையில் எலும்பை வெட்டித் திருப்பி வைத்தார்கள். 2025-இல் ஜப்பானின் மொத்தேகியில் ஏழாவது மோட்டோஜிபி பட்டம்.

தோட்டப் பாதையில் கப்சாய் ஓட்டுபவருக்கு இதில் உதவுவது பிரேக் பாடம்தான். செம்பனை லோரி போன வளைவில் உதிரிப் பழமும் ஈரச் செம்மண்ணும் கிடக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சாய்ந்திருக்கும்போது பழம் கண்ணில் பட்டால் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வண்டியைச் சற்று நிமிர்த்தி, எக்சலேட்டரை மெல்ல விட்டு, நேராக அதன்மேல் உருளவிடுங்கள்.