மைக்ரேன்: ஒற்றைத் தலைவலி

"மைக்ரேனா? ரெண்டு பனடோல் போட்டுக்கிட்டு வேலையைப் பாரு" என்று சிங்கப்பூர் அலுவலகங்களில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். சொல்பவர் மனத்தில் தவறான எண்ணம் எதுவும் இருக்காது. பெயரிலேயே தலைவலி இருப்பதால் வருகிற வினை இது.

கிரேக்க மொழியில் ‘ஹெமி’ என்றால் பாதி, ‘கிரேனியான்’ என்றால் மண்டையோடு. இரண்டும் சேர்ந்து ‘ஹெமிக்ரேனியா’. கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனபோது முன்னாலிருந்த ‘ஹெ’ உதிர்ந்துவிட்டது. அந்த வடிவம் ஆங்கிலத்துக்குள் வந்து, நம் வாயில் மைக்ரேன் ஆனது.

தமிழில் ஒற்றைத் தலைவலி. ஒற்றை என்றதும் ‘ஒரே ஒரு’ என்ற பொருள்தான் முதலில் தோன்றும். ஜோடியில் ஒன்று என்ற பொருளும் அதற்கு உண்டு: ஒற்றைச் செருப்பு, ஒற்றைக் கம்மல். இங்கே வருவது அந்தப் பொருள்தான். ஆயுர்வேதம் சொல்லும் ‘அர்த்தாவபேதகம்’ பாதித் தலையைப் பிளப்பது. இந்த ஊரில் அன்றாடம் காதில் விழும் மொழிகளும் அப்படித்தான். மலாயில் ‘சாக்கிட் கெப்பாலா செபெலா’, சீனத்தில் ‘பியென் தோவ் தோங்’. இரண்டுக்கும் தலையின் ஒரு பக்கத்து வலி என்றே பொருள்.

நோயோ பெயருக்குக் கட்டுப்படுவதில்லை. பலருக்கு இரு பக்கமும் வலிக்கும். வலிக்கு முதல் நாளே கொட்டாவி, எரிச்சல், கழுத்துப் பிடிப்பு என்று தொடங்கிவிடும். சிலருக்கு அறிகுறி பார்வையில் வரும். ஒருவர் எம்ஆர்டி ரயிலில் நின்றபடி கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருப்பார். வரியின் நடுவே இரண்டு எழுத்து காணாமல் போகும். அந்த வெற்றிடம் மெல்லப் பெரிதாகி, அதன் விளிம்பு நெளிநெளியாக மினுக்கும். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் வலி. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். தலை விண்விண்ணென்று தெறிக்கும், கண் கூசும், குமட்டும், படி ஏறினால் கூடும். வீவக அடுக்குமாடி வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தாலும், கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தமும் பக்கத்து வீட்டு பெலாச்சான் (இறால் விழுது) வாசனையும் உள்ளே வந்துவிடும்.

இது நரம்பியல் நோய். குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது; ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். அந்த ‘ரெண்டு பனடோல்’ பழக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எனத் தொடர்ந்து பல மாதம் விழுங்கினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அடிக்கடி வருகிறவர்கள் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய், வராமல் தடுக்கும் மருந்து தமக்கு ஒத்துவருமா என்று கேட்பது நல்லது.

வேலை நியமனச் சட்டப்படி, ஆறு மாதம் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மாதம் இரண்டு நாள் படுப்பவருக்கு அது ஆகஸ்ட் வருவதற்குள் தீர்ந்துவிடும். அதனால்தான் பலர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுக்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுதும்போது ‘கடும் தலைவலி’ என்று போடுவதைத் தவிர்க்கலாம், அது வேறு. ஒற்றைத் தலைவலி என்பதே சரி. நோயைப் பற்றிப் பேசும் இடத்தில் ‘நோய்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: "எனக்கு ஒற்றைத் தலைவலி நோய் இருக்கிறது, இன்றைக்கு வந்திருக்கிறது." மேலாளரிடம் விடுப்புக் கேட்கவும் இந்த வாக்கியம் போதும்.