முதியோர் இல்லத்தில் கொடுமை நடக்கிறதா? குடும்பத்தினர் அறிய வேண்டிய அடையாளங்களும் சட்ட வழிகளும்

தமிழ்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் பெரும்பாலும் சிறு மருத்துவமனையையே குறிக்கும். இங்கே பேசப்போவது அதைப் பற்றியல்ல. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டோ, அறக்கட்டளையின் பெயரில் இலவசமாகவோ வயதானவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் முதியோர் இல்லங்களைப் பற்றியது. பெற்ற பிள்ளைகள் கைவிட்டால் எங்கே முறையிடுவது என்று இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. பணம் கட்டி ஒப்படைத்த இல்லத்திலேயே தாயோ தந்தையோ வதைபட்டால் யாரிடம் போவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

கொடுமை என்பது அடி மட்டுமன்று. நேரத்துக்கு உணவோ மருந்தோ தராதிருப்பது, நனைந்த துணியை மாற்றாமல் மணிக்கணக்கில் விடுவது, தொந்தரவு கொடுக்கிறார் என்று கட்டிலோடு கட்டிப்போடுவது, மருத்துவர் எழுதித் தராத தூக்க மாத்திரையைக் கொடுத்துப் படுக்கவைப்பது, ஓய்வூதிய ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்குவது ஆகிய எல்லாமே கொடுமைதான். பார்க்கப் போகும்போது முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மாதிரி வளையமாகத் தடம் இருந்தால் கயிறோ துணியோ கட்டியிருக்கக்கூடும். இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். நடமாட முடியாதவரை வேளாவேளைக்குப் புரட்டிப் படுக்கவைத்தால் அத்தகைய புண்களைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். உதடு வறண்டு வெடித்திருப்பது, சில வாரங்களுக்குள் உடல் மெலிந்து சட்டை தொளதொளப்பது, கழுத்துச் சங்கிலியோ மோதிரமோ காணாமற்போவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பணியாளர் அறைக்குள் வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவது. இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும் என்பதையும் நினைவில் கொண்டு, முதலில் காரணத்தைக் கேளுங்கள். கேட்ட ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வந்தால் சும்மா இருக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தயங்குகின்றன. புகார் கொடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்களோ, பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையை ஒவ்வொரு நாளும் கொடுப்பவர் உள்ளே படுத்திருப்பவர். ஆகவே முதலில் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, காயம் எப்படி ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். பேச்சுவழக்கில் 'ஏ.ஆர். காப்பி' எனப்படும் அந்தப் பதிவின் நகல் பின்னால் எந்த நீதிமன்றத்திலும் பயன்படும். புண்களையும் அறையையும் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டண ரசீதுகளையும் சேர்க்கை ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

அடித்தல், அடைத்து வைத்தல், மிரட்டல், பணத்தையோ நகையையோ கையாடல் செய்தல் ஆகியவை இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றங்களாகும். சட்டவிரோதமாக அடைத்து வைத்தலுக்கு 127ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதிகம் அறியப்படாத 357ஆம் பிரிவு முதியோர் இல்லத்துக்கென்றே எழுதியது போல இருக்கிறது: நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைத்தானே கவனித்துக்கொள்ள இயலாத ஒருவரைப் பராமரிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர், வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை சிறியதுதான் என்றாலும், கையால் அடிக்காமல் கவனிக்காமலே விட்டதும் குற்றம் என்று சட்டம் சொல்வது பெரிய விஷயம். இந்தப் பிரிவில் காவல்துறை தானாக விசாரிக்க இயலாது. நீதித்துறை நடுவரிடம் முறையீடு செய்ய வேண்டும். மற்றக் கடுமையான குற்றங்களுக்கு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதன் பிறகும் நடவடிக்கை இல்லையெனில் நடுவரை அணுகலாம். மனு ரசீது என்பது புகாரைப் பெற்றதற்கான சீட்டு மட்டுமே, முதல் தகவல் அறிக்கை அன்று; 'மனு ரசீது வாங்கிக்கொண்டு போங்கள்' என்ற அளவில் திரும்பிவிடாதீர்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. 60 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்களுக்குப் பொருந்தும். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதன்படி வழங்கும், மாதம் 10,000 ரூபாய் வரையிலான பராமரிப்புத் தொகை பிள்ளைகளிடமோ உறவினரிடமோ பெறுவதற்கானது. இல்லத்தின் மீது அதைக் கேட்க முடியாது. ஆனால் 24ஆம் பிரிவு, முதியவரைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் எவர் அவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச்சென்றாலும் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. உடல்நிலை மோசமானவரைப் பேருந்து நிலையத்திலோ மருத்துவமனை வாசலிலோ இறக்கிவிட்டுப் போகும் இல்ல நிர்வாகியும் இதற்குள் வருவார். ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்கிறோம் என்று வீட்டை எழுதி வாங்கியவர்கள் வாக்குத் தவறினால், 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு எளிதாகும்.

கட்டணம் செலுத்தியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முற்றிலும் இலவசமாக நடக்கும் இல்லங்களுக்கு இது பொருந்தாது.

பார்க்கவே விடமாட்டேன் என்றாலோ, வேறு ஊருக்கு மாற்றிவிட்டோம் என்று மழுப்பினாலோ, அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் நடந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகள் வெளிச்சத்துக்கு வந்ததும், அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று தொடரப்பட்ட ஆட்கொணர்வு மனுவை ஒட்டித்தான். பலர் மீட்கப்பட்டனர், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. அதன் உதவி எண் 15100. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. மாவட்ட சமூகநல அலுவலரிடமும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

இல்லத்திலேயே முதியவர் இறந்து, சாவில் ஐயம் இருந்தால், உடலைப் பெற்று இறுதிச் சடங்கு செய்வதற்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். தகனம் முடிந்துவிட்டால் உடலில் இருந்த சான்றும் அதோடு போய்விடும்.