கேட்கப்படாத சம்மதம்: பெண்களின் பதவி உயர்வு எங்கே நழுவுகிறது?

புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் உள்ள நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசகராகப் பணியாற்றுவதால், பதவி உயர்வுக் கோப்புகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி அமைகிறது. தகுதியுள்ள பெண் விண்ணப்பித்து மறுக்கப்பட்ட கோப்புகள் குறைவு. அவர் பெயரே பரிசீலனைக்கு வராத கோப்புகள்தான் அதிகம்.

உற்பத்தி நிறுவனங்களில் மேலாளர் பதவிக்கான முதற்படி ஷிப்ட் பொறுப்பாளர் பணி. மூன்று ஷிப்டுகளையும் நடத்திப் பழகாத ஒருவரை உற்பத்தி மேலாளராக்க நிர்வாகம் பெரும்பாலும் முன்வருவதில்லை. அந்தப் பொறுப்பை யாருக்குத் தருவது என்று பேசும்போது, "அவங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கு, நைட் ஷிப்ட் எல்லாம் சரிப்பட்டு வராது" என்று ஒருவர் அக்கறையோடுதான் சொல்வார். மற்றவர்களும் ஆமோதிப்பார்கள். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இளைஞரே அவருக்கு மேலதிகாரியாக வந்து அமர்கிறார்.

பெண்களுக்கு இரவுப் பணி தரச் சட்டம் இடம் தராது என்று இன்றும் சொல்லும் அதிகாரிகள் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண்கள் வேலை செய்யலாம் என்று வரையறுத்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்து, போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு போன்ற ஏற்பாடுகளை நிர்வாகத்தின் கடமையாக்கியது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பெண்ணின் சம்மதத்துடன் இரவுப் பணியை அனுமதிக்கிறது. ஆகவே முடிவு சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்தான். விருப்பம் உள்ளவர்கள், வாகன வசதி எந்த நிறுத்தம் வரை வேண்டும் என்பது உட்பட, மனிதவளத் துறைக்கு எழுத்து மூலமாகவே தெரிவித்துவிடுங்கள். விருப்பம் இல்லாதவர்களும், பகல் ஷிப்டில் எந்தப் பொறுப்பை ஏற்க முடியும் என்று எழுதிக் கொடுங்கள். எழுத்தில் இருப்பதை ஒதுக்கிவிட்டு ஊகத்தின் பேரில் முடிவெடுப்பது நிர்வாகத்துக்கு எளிதல்ல.

அடுத்தது வருடாந்திர மதிப்பீட்டுப் படிவம். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு வேதியியலாளர், "கொடுத்த பணிகளை உரிய நேரத்தில் முடித்தேன்" என்று ஒரே வரியில் தன் ஓராண்டு உழைப்பை முடித்திருந்தார். பேசிப் பார்த்தபோதுதான், தூய்மை குறைந்த மூலப்பொருளுடன் வந்த டேங்கர் லாரியை, இறக்குவதற்கு முன்பே தடுத்து நிறுத்தியவர் அவர்தான் என்பதும், இப்போது எல்லா ஷிப்டுகளிலும் பின்பற்றப்படும் மறுசோதனை முறையை எழுதியவரும் அவரே என்பதும் தெரியவந்தன. மேலதிகாரியின் படிவத்தில் இவை துறையின் சாதனைகளாகப் பதிவாகியிருந்தன. தற்பெருமையாகிவிடுமோ என்ற கூச்சத்தில்தான் அவர் எழுதவில்லை. நடந்ததைத் தேதியுடன் எழுதுவது தற்பெருமை ஆகாது, தோழியரே! மாதம் ஒருமுறை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். படிவம் வரும்போது நினைவைத் தேட வேண்டியிருக்காது.

பிரசவ விடுப்பு எடுத்த ஆண்டில் இன்னும் கவனம் வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு 2017 முதல் சட்ட உரிமை. அந்தக் காலத்தில் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது. இருந்தும் மதிப்பீட்டுக் கட்டம் காலியாகவே விடப்படுகிறது, அடுத்த ஆண்டு அந்த வெற்றிடமே தகுதிக் குறைவாகப் படிக்கப்படுகிறது. விடுப்பில் செல்லுமுன், அதுவரை பணிபுரிந்த மாதங்களுக்கான மதிப்பீட்டை எழுதித் தரும்படி கடிதம் மூலம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.